தெரியவில்லை மகன் ஆசாமி

எழுத்துப் பிழையைத் திருத்த யாருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் தாமாகவே திருத்தலாம். திருத்திய இடத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டால் போதும். நிலப் பதிவேடுகள் சம்பந்தப்பட்ட விதிகளில் இதைவிட எளிமையானது கிடையாது. வேலையில் இருந்த காலத்தில் இதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேருக்கு நல்லது செய்திருக்கிறேன். ஒருவருடைய தந்தை பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கும். ஒரு விதவை கணினியில் ஆணாகியிருப்பாள். ஒரு குளம் வீட்டு மனையாகியிருக்கும். கடைசியில் சொன்னது பெரும்பாலும் பிழை அல்ல, அதற்கு வேறு விதி இருக்கிறது.

நான் சொல்லப்போகிற விஷயத்துக்கும் இந்த விதிதான் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தியிருந்தால் ஒரு சுருக்கொப்பத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். நானும் வைகாசி மாதத்து ஈரச் சேற்றைப் பற்றி இப்படி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு டீச்சர். திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம், கடைமடையில் அவருடைய ஊர். காவிரித் தண்ணீர் எல்லா ஊர்களையும் நனைத்துவிட்டு, மனம் இருந்தால் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரு மிராசுதாரரின் வயலில் வேலை செய்தது. மிராசு வீட்டார் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனபோது, டீச்சரின் அப்பா அந்த வயலில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வாங்கினார். போன வருஷம் அவர் இறந்துவிட்டார். அம்மா மட்டும் ஊரில் இருந்தார். இதயத்தில் வால்வு பழுது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் பொறுப்பில்லை என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மா வர மறுத்தார்.

"பட்டா என் பேருக்கு மாறட்டும், வரேங்குது அக்கா" என்றார் டீச்சர். "மயக்க மருந்து குடுத்து நான் எந்திரிக்காமப் போயிட்டா அந்த நெலம் யாருதுன்னு கேக்குது. எனக்குத்தான் வரும், நான் ஒரே பொண்ணுன்னு சொன்னா, 'உனக்கு அப்பறம் வரட்டும், எனக்கு மொதல்ல வரட்டும்'ங்குது."

நியாயமான வாதம். பிறந்ததிலிருந்து சேற்றில் நின்றவர் ஒரு தடவையாவது காகிதத்தில் நிற்க ஆசைப்படுகிறார். மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. ஒரு மாதத்தில் முடியும் என்று சொன்னேன். பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், டீச்சர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன். யாரோ ஒரு ஆள் பேர் வருது."

கணினியில் எடுத்த பதிவு. சொந்தக்காரர் பெயர் சரி. புல எண் சரி. கீழே, குத்தகைதாரர்: ஆசாமி. த/பெ: தெரியவில்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். எப்போதோ ஒரு கணக்கர் கையால் எழுதிய பழைய பதிவில் 'ஆசாமி பயிர், பெயர் தெரியவில்லை' என்று இருந்திருக்கும். யாரோ ஒருவர் சாகுபடி செய்கிறார், யார் என்று விசாரிக்கவில்லை என்பதைத் தமிழக வருவாய்த்துறை இவ்வளவு கண்ணியமாகச் சொல்லும். பிறகு கணினி வந்தது. கணினிக்கு இரண்டு கட்டங்கள் நிரம்ப வேண்டும். பெயர் என்ற கட்டத்தில் ஆசாமியைப் போட்டார்கள். தந்தை பெயர் என்ற கட்டத்தில் தெரியவில்லை என்பதைப் போட்டார்கள். தெரியவில்லை என்பவருக்கு ஆசாமி என்று ஒரு மகன் பிறந்தான்.

"எழுத்துப் பிழை" என்றேன். "ஒரு வாரத்தில் போய்விடும்."

எனக்கு ஓய்வு பெற்ற பிறகு வந்த வியாதி சொற்களைத் துருவுவது. அன்று டீச்சர் போன பிறகு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன். அதை அப்போது விட்டிருக்கலாம்.

ஆசாமியை நாம் தினமும் பார்க்கிறோம். நகைக்கடைச் சுவரில் துளை போடுகிறவர் மர்ம ஆசாமி. பேருந்தில் நம் தோளில் தூங்குகிறவர் யாரோ ஒரு ஆசாமி. காரியக்கார ஆசாமி, கஞ்சத்தனமான ஆசாமி, விவகாரமான ஆசாமி. பெயர் தெரிந்து, பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவரை யாரும் அவர் முகத்துக்கு நேரே ஆசாமி என்று சொல்வதில்லை. சாமி என்று முடிவதால் நம் ஊர்ச் சொல் போலத் தோன்றும். போலிச் சாமியார் பிடிபடும்போதெல்லாம் சாமியா ஆசாமியா என்று பத்திரிகைகள் கேட்கும். உண்மையில் சாமிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அரபியில் இஸ்ம் என்றால் பெயர். அஸ்மா என்றால் பெயர்கள். அந்தப் பன்மைக்கும் ஒரு பன்மை உண்டு: அஸாமி. அது பாரசீகக் கணக்கர்களோடு இந்தியாவுக்கு வந்தது. வரி வாங்குகிறவர் கையில் பெயர்களின் வரிசை இருக்கும். வரிசையில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு அஸாமி. பெயருக்குப் பின்னால் நிலத்தில் நிற்கிற ஒவ்வொருவனும் ஒரு அஸாமி. அங்கிருந்து அது வீடு வீடாகப் போனது. எங்கள் அலுவலகத்தில் வீட்டில் மராத்தி பேசுகிற ஒரு தட்டச்சர் இருந்தார். அவர்களுக்கு அது வெறுமனே ஒரு நபர், தலைக்கணக்கு. பயிற்சியில் என்னோடு இருந்த தெலுங்கு அதிகாரி, ஆசாமி என்றால் நிலம் நீச்சு உள்ள பெரிய மனுஷன் என்று அடித்துச் சொன்னார். உருது வீட்டில் பிறந்த ஒரு தோழிக்கு அஸாமி என்றால் வேலையில் காலியிடம். ஆளே இல்லாத நாற்காலி. என் மருமகள் வங்காளி. ஆசாமிக்கு நோட்டீஸ் அனுப்பப் போகிறார்கள் என்று பின்னால் ஒருநாள் தொலைபேசியில் சொன்னபோது அவள் குரல் தாழ்ந்தது. "அவர் என்ன செய்துவிட்டார்?" என்று கேட்டாள். வங்காளத்தில் ஆசாமி என்றால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன்.

ஒரே ஆள். ஓர் ஊரில் நிலத்துக்குச் சொந்தக்காரன், ஓர் ஊரில் கூண்டில் நிற்கிறான், ஓர் ஊரில் அவனே இல்லை, அவன் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கிளம்பும்போது இந்தச் சொல்லில் ஆள் கிடையாது, பெயர்கள் மட்டும்தான். தஞ்சாவூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்தபோது ஆள் இருக்கிறான், பெயர் இல்லை. வழியில் எந்த இடத்தில் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை.

மாசியில் டீச்சரோடு அவர் ஊருக்குப் போனேன். அறுவடை முடிந்து தரையில் உளுந்து பச்சையாக நின்றது. தொகுப்பு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது.

"வாங்கம்மா, உக்காருங்க. பாப்பா சொல்லுச்சு. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம்."

பதிவில் ஒரு சின்னக் குளறுபடி, ஆசாமி என்று ஒரு பெயர் வந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றேன். அவர் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை.

"அவரு பேரும் இருக்கா அதுல?" என்றார். "பரவால்லையே."

"யாரும்மா அவரு?" டீச்சர் கேட்டார்.

"ஆசாமிதான்."

"பேரு என்னம்மா?"

"அதான் சொல்றேனே."

வயலின் வடகிழக்கு மூலைக்கு அந்த ஊரில் ஆசாமி மூலை என்று பெயர். விற்கும்போது மிராசு வீட்டுக் காரியஸ்தர் டீச்சரின் அப்பாவிடம் சொன்னாராம்: அந்த மூலையில ஒரு ஆசாமி இருக்கான், அவனுக்கு உண்டானதை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்க. அவரும் சரி என்றார். அன்றிலிருந்து அந்த மூலையில் ஒரு கை அகலத்துக்குக் கதிர் அறுப்பதில்லை. ஆடிப்பெருக்கு அன்று ஒரு உருண்டை புளிச்சோறு இலையில் வைத்து அந்த வரப்பில் வைப்பார்கள். இப்போது அறுவடைக்கு இயந்திரம் வருகிறது, வெளியூர் டிரைவர்.

"அவன் கேட்டான், 'யாருக்குக்கா விடறது?'ன்னு. ஆசாமிக்குன்னேன். 'எந்த ஆசாமி?'ன்னான். 'உனக்கெதுக்கு, வண்டியத் திருப்பு'ன்னேன். திருப்பிட்டான். போறப்ப என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனான்" என்றார் அம்மா.

"அந்தச் சோத்தைக் காக்கா திங்கும் அக்கா" என்றார் டீச்சர் என்னிடம்.

"காக்காவும் திங்கும்" என்றார் அம்மா.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா?"

"முதுகைத்தான். எப்பவும் குனிஞ்சுதான் நிப்பாரு. நடவு நடறவங்க மாதிரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் பேரு வரணும்னா அவரு பேரு போகணும்ல? அவருக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணச் சொல்லுங்கம்மா. கேக்காம எடுத்தா நல்லா இருக்காது."

டீச்சர் கண்களை மூடித் திறந்தார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. காரியஸ்தர் சொன்ன ஆசாமி ஒரு குத்தகைக்காரனாக இருந்திருப்பான். கணக்கு வழக்கில் வரும் சாதாரண வார்த்தையை இந்தக் குடும்பம் காவல் தெய்வமாக்கிவிட்டது. இதை டீச்சரிடம் சொன்னேன். அவருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

அந்த வட்டத்தின் வட்டாட்சியர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, எழுத்துப் பிழை விதியைப் பற்றி நான் பேசியதை முழுதும் கேட்டார்.

"சரிதான் மேடம். ஆனா, பேர்னு இருக்கிற கட்டத்துல இருக்கிறது பேருதானே?"

"ஆசாமிங்கிறது பேர் இல்லை சார். 'யாரோ'ன்னு அர்த்தம்."

"உங்களுக்கும் எனக்கும் தெரியும். தணிக்கைக்குத் தெரியாதே. நான் நோட்டீஸ் குடுக்காம நீக்கிட்டேன்னு வைங்க. நாளைக்கு ஆசாமின்னு ஒருத்தர் வந்து நின்னார்னா?"

"வந்து நின்னார்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க."

அவர் சிரித்தார். ஆனால் கோப்பில், எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு அனுப்புக என்று எழுதினார். குத்தகைப் பதிவு ஒன்று இருப்பதால் பட்டா மாற்றம் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டத்தில் நிற்கவில்லை, கணினித் திரையில் நின்றது. திரையில் நிற்பதை அசைக்க இப்போது யாருக்கும் தைரியம் இல்லை.

பெயருக்கு உரியவரிடம் அறிவிப்பை நேரில் கொடுக்க வேண்டும். அவர் இல்லையென்றால் வீட்டில் வயது வந்த ஒருவரிடம். வீடே இல்லையென்றால் சாட்சிகள் முன்னால் நிலத்தில் ஒட்ட வேண்டும். அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஒட்டுவதற்கு வயலில் சுவர் இல்லாததால், கிராம உதவியாளர் அறிவிப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூங்கில் குச்சியில் சணலால் கட்டி, வடகிழக்கு மூலையில் நட்டார். பங்குனி முதல் வாரம். மறுநாள் அறிவிப்பைக் காணோம். குச்சி நின்றது. சணல் கட்டிய முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

"ஆடு தின்னிருக்கும் மேடம்" என்றார் உதவியாளர் தொலைபேசியில்.

"பிளாஸ்டிக் உறையையுமா?"

"எங்க ஊரு ஆடு திங்கும் மேடம்."

விதிப்படி, ஒட்டியதும் அறிவிப்புச் சார்வு செய்யப்பட்டதாக, அதாவது உரியவர் கையில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். ஆட்டைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

விசாரணை வைகாசியில் வந்தது. மேட்டூரில் இன்னும் திறக்கவில்லை. வழி நெடுக வாய்க்கால்களில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வட்டாட்சியர் அலுவலக வராண்டாவில் ஒரு பெஞ்சில் டீச்சரும் நானும் உட்கார்ந்தோம். பெஞ்சின் மறுகோடியில் ஒரு வயதானவர் இருந்தார். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் கட்டியிருந்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முழங்கால் வரை சேறு. வரப்போரக் காய்ந்த மண் இல்லை, நாற்றங்காலில் இருந்து அப்போதுதான் ஏறி வந்ததுபோல் கருப்பாக, ஈரமாக, பளபளவென்று. பம்புசெட்டு வைத்திருக்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கடைமடையில் பூமிக்குக் கீழே கிடைப்பது உப்புத் தண்ணீர்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வெயில் கொளுத்தியது. டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு, பெரியவருக்கும் பாட்டிலை நீட்டினார். அவர் பாட்டிலை வாங்கவில்லை. குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். டீச்சர் ஒரு கணம் தயங்கி, ஊற்றினார். பாட்டில் காலியாகும் வரை குடித்தார்.

டபேதார் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். வழக்கப்படி மூன்று தடவை.

"தெரியவில்லை மகன் ஆசாமி! தெரியவில்லை மகன் ஆசாமி! தெரியவில்லை மகன் ஆசாமி!"

வராண்டாவில் இருந்த கூட்டம் சிரித்தது. "யோவ், உன்னத்தான்யா, போ" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். "எங்கப்பன் பேரு தெரியும்யா, நீ போ" என்றார் அவர். நாங்கள் எழுந்து உள்ளே போனோம். பின்னாலேயே பெரியவரும் வந்தார். டீச்சரின் சொந்தக்காரர், சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதவோரம் நின்றார்.

வட்டாட்சியர் டீச்சரிடம் நிலத்தைப் பற்றிக் கேட்டார். அம்மாவின் உடல்நிலையைப் பற்றியும் கேட்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை உண்டா பெரியவரே?" என்றார். பெரியவர் தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினார். எழுத்தர், "எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். டீச்சர் போட்டார். நான் பை எடுக்கத் திரும்பினேன். எழுத்தர் மை அட்டையைத் திறந்து, "கைநாட்டா? இந்தப் பக்கம் வாங்க, கட்டைவிரலைத் தளர விடுங்க" என்று சொல்வது காதில் விழுந்தது.

வெளியே வந்தபோது கூட்டுகிற அம்மா வராண்டாவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யாரு சேத்தோட உள்ள போனது? இப்பத்தான் தொடச்சேன். மழையா பேயுது? இந்த வேகாத வெயில்ல எங்கேர்ந்துதான் சேத்தை அள்ளிட்டு வருவாங்களோ!"

பேருந்து மன்னார்குடி தாண்டும்போதுதான் கேட்டேன்.

"உங்க சொந்தக்காரர் எங்கே? வண்டி ஏறலையே?"

"எந்தச் சொந்தக்காரர்?"

"சாட்சிக்கு வந்தாரே."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க ஆபீஸ்ல தெரிஞ்சவர்னு நினைச்சேன் அக்கா. நீங்கதான் ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு."

நான் காரணங்களை அடுக்க ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வருஷம் மனுக்களுக்குப் பதில் சொன்ன வாய் சும்மா இருக்காது. முதியோர் உதவித்தொகைக்கு வந்தவராக இருப்பார். காது மந்தம். ஏதோ கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே வந்திருப்பார். வராண்டாவில் உட்கார்ந்திருக்கிற யாரைக் கூப்பிட்டாலும் ஆசாமி என்றுதானே கூப்பிடுவார்கள்? அந்தச் சொல் எல்லாருக்கும் பொருந்தும், அதுதான் அதன் தொழில்.

"கையை ஏந்தினாரு அக்கா" என்றார் டீச்சர். "பாட்டிலைக் குடுத்தேன், வாங்கலை. எங்க தாத்தா காலத்துல அப்படித்தான் குடிக்கணுமாம். மிராசு வீட்டுக் கொல்லையில, செம்பைத் தொடக் கூடாது, மேலேர்ந்து ஊத்துவாங்க. அப்பா சொல்லியிருக்காரு. இப்ப யாரு அப்படிக் குடிக்கிறா?"

நான் வேறொன்றைச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். குத்தகைக்காரர் பெயர்களைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது நிலக்காரர்கள் பலர் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் உரிமை வந்துவிடும். யார் பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டால், யாரோ ஒரு ஆசாமி என்பார்கள். வயலில் குனிந்து நிற்கிறவன் கணக்கருக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பான். நிமிர்ந்து பேர் சொல் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

டீச்சர் கணக்குப் போடுகிறவர். விடைக்கு நேரம் எடுக்கவில்லை.

"அந்த வயல்ல தலைமுறையா எங்க ஆளுங்கதான் அக்கா நின்னாங்க. வேற யாரும் இல்லை." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாங்க யாரு பேரை எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கோம்?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. மனுவைத் திரும்பப் பெறலாம். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது, வெள்ளைத் தாளில் ஒரு வரி போதும். ஆனால் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர், ஆவணி வரை தாங்காது என்றார். டீச்சர் ஒரு நாள் மதிலோரம் நின்று, "மனு அப்படியே இருக்கட்டும் அக்கா. இருக்கிறவங்களைப் பார்ப்போம்" என்றார். அழுதிருந்தது தெரிந்தது. விசாரணை நாளில் நடந்தது எதையும் அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்ல வேண்டாம் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஆனி முழுதும் பதில் இல்லை. மேட்டூர் திறந்தார்கள். தஞ்சாவூரில் புது ஆற்றில் தண்ணீர் நுரையோடு போனது. கடைமடைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். எனக்கு வேலையில் வந்த நினைவூட்டுகளை நான் என்ன செய்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை, பதிவுத் தபால் டீச்சர் வீட்டுக்கு வந்தது. அவர் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். வழக்கமான நடை. மனுதாரர் கோரிக்கை, பார்வை, பரிசீலனை. குத்தகைப் பதிவு நீக்கப்படுகிறது. அம்மாவின் பெயரில் பட்டா மாற்றி உத்தரவிடப்படுகிறது. நடுவில் ஒரு வாக்கியம்:

'எதிர்மனுதாரர் தெரியவில்லை மகன் ஆசாமி என்பவர் விசாரணை நாளில் நேரில் ஆஜராகி, தமக்கு ஆட்சேபனை ஏதுமில்லை எனத் தெரிவித்து, இடது பெருவிரல் ரேகை பதித்துள்ளார்.'

உத்தரவில் தவறு எதுவும் இல்லை. எழுத்தர் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். ஆள்மாறாட்டம் என்று மேல்முறையீடு செய்யலாம். ஆனால் யாருடைய வேடத்தில் யார் வந்தார் என்று காரணம் காட்ட வேண்டும். நகல் மனுப் போட்டால் அந்த ரேகையைப் பார்க்கலாம். நடைமுறை எனக்கு மனப்பாடம். போடவில்லை.

உடனே கிளம்பினோம். ஊர் எல்லையில் பேருந்து இறங்கியபோதே சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர். வருஷத்தின் முதல் தண்ணீர், குப்பையும் சருகுமாக, தவளைகளை ஓரத்துக்கு விரட்டிக்கொண்டு போனது. வரப்புகள் நனைந்திருந்தன. வடகிழக்கு மூலையில் மூங்கில் குச்சி இன்னும் நின்றது.

அம்மா வாசல் நாற்காலியில் இருந்தார். தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தார். பக்கத்தில் ஒயர் கூடை. அதில் மாற்றுப் புடவைகள், மாத்திரை டப்பா, ஒரு டம்ளர்.

"என்னம்மா இது?" என்றார் டீச்சர்.

"ஆஸ்பத்திரிக்குத்தான். போகலாம் வா."

"லெட்டர் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன லெட்டரு?"

டீச்சர் உத்தரவைப் படித்துக் காட்டினார். அம்மாவின் பெயர் வந்த வரியை இரண்டு தடவை படித்தார். நடுவில் இருந்த வாக்கியத்தை விட்டுவிட்டார். அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, தன் பெயர் எங்கே என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"நேத்துப் பெருக்குக்குச் சோறு வச்சேன்" என்றார். "பொழுது சாயற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. ஒரு காக்கா வரலை. ஒரு எறும்பு ஏறலை. அப்பறம் தண்ணி வந்து இலையோட எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. சரி, கிளம்பிட்டாருன்னு நினைச்சேன். வந்து துணிமணியை எடுத்து வச்சேன்."

வாய்க்கால் சத்தம் இங்கேயும் கேட்டது.

"அங்க வந்தப்ப அவருக்குத் தண்ணி குடுத்தியா பாப்பா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"குடுத்தேன்மா."

"நெறையக் குடுத்தியா?"

"இருந்ததெல்லாம் குடுத்தேன்."

அம்மா தலையசைத்தார். காகிதத்தை நாலாக மடித்துக் கூடையின் அடியில், புடவைகளுக்குக் கீழே வைத்தார். எழுந்து நிற்க டீச்சர் கை கொடுத்தார்.

"இது எப்ப வந்துச்சுன்ன?"

"இன்னைக்குக் காலையிலதாம்மா" என்றார் டீச்சர். "ஆடி பத்தொன்பது. அவரு நேத்தே கிளம்பிட்டாரு."